ஏழாம் பிளாக்கின் வெள்ளை வட்டங்கள்

நோயில்லாத மரத்தைப் பார்க்க யாரும் மரவியாதி பார்ப்பவனைக் கூப்பிடுவதில்லை. ஆகவே நாங்கள் போகிற இடத்திலெல்லாம் வியாதி இருந்தே தீரும். பிறர் பொருளில் குறை கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட வாசகர்கள் யாரேனும் இருந்தால், என் பாடு அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சுண்ணாம்பு வட்டம்

மலாயாவில், ஜொகூரின் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மரவியாதி பார்க்கும் வேலை கிடைத்தபோது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பட்டை அழுகிய மரத்தில் சுண்ணாம்பால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட மரத்தைப் பால் வெட்டுகிறவர்கள் தொடக்கூடாது. இதுதான் சட்டம்.

ஏழாம் பிளாக்கில் நான் வட்டம் போட்டது பதினோரு மரம். மறுநாள் காலை அந்தப் பிளாக்குக்குப் புதிதாக மாற்றப்பட்டிருந்த அஞ்சலை, பாதி வாளிகூட நிறையாமல் திரும்பி வந்துவிட்டாள். முத்தையா கங்காணி சத்தம் போட, நானும் போய்ப் பார்த்தேன். மரத்துக்கு மரம் வெள்ளை வட்டம்! சாம்பல் கலந்த வெள்ளை. ஓரம் சின்னச் சின்ன மடலாகப் பட்டையோடு ஒட்டியிருந்தது, நடுவில் மாவு தூவியது போலப் பொடி. முந்தின நாள் சுண்ணாம்பும் நோட்டுமாக நடந்தபோது இது என் கண்ணிலேயே படவில்லை. நான் போட்டதல்ல என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அஞ்சலை கேட்டாள்: "ஏன் ஐயா, ராத்திரி பூராவும் தூங்காம வட்டம் போட்டுக்கிட்டே இருந்தீங்களா?"

நான் சொன்ன ஒரு வார்த்தை

விஷயம் தோட்டத்துத் துரை காதுக்குப் போயிற்று. அவர் வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் வியாதி பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன் 'தெரியாது' என்று எப்படிச் சொல்வது? "புதுவித வியாதியாக இருக்கலாம், பரவக்கூடியது" என்றேன். அந்த இரண்டாவது வார்த்தை யாரும் கேட்காமல் நானாகக் கொடுத்த இனாம்.

ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம் அது. ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த துரைக்கு நான் காரணத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். ஜொகூர் பாருவிலிருந்து விவசாய இலாகா அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். வியாதிதான் என்று அவர் சொல்லிவிட்டால் ஏழாம் பிளாக்கை மூடிவிட வேண்டியது. அங்கே பால் வெட்டுகிற பதினெட்டுக் குடும்பத்தையும் அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றிவிட வேண்டியது. இப்படி முடிவாயிற்று. அன்று மாலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனேன். ஒரு வீட்டில் கோழிகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் துணி மூட்டை வாசலுக்கே வந்துவிட்டது. முத்தையா கங்காணி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. அதுக்கும் அதே சம்பளந்தானே குடுத்திருப்பாங்க."

சிவப்புப் பென்சில்

அதிகாரி வரப் பத்து நாள் இருந்தது. ஜொகூர் வரைபடம் ஒன்றையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இந்த வியாதி எதுவரை போயிருக்கிறது என்று தேடக் கிளம்பினேன். ஏழாம் பிளாக்கோடு நின்றிருந்தால் அந்த மரங்களை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்று ஒரு நப்பாசை.

நின்றால்தானே! ஆபீஸ் வாசல் ரம்புத்தான் மரத்தில் இருந்தது. வேலிக் கட்டையில் இருந்தது. தெப்ரா ஊருக்கு ஒரு காரியமாகப் போனேன், அங்கே தென்னை தென்னையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து பாகாட் பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் நின்ற இடத்துப் பாக்கு மரம் என்னை வெள்ளை வெள்ளையாக வரவேற்றது. வெயில் படுகிற பக்கமெல்லாம் இருந்தது, அடர்ந்த நிழலில் மட்டும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஜொகூருக்கே அம்மை போட்டது போல் ஆகிவிட்டது படம். நாடே அழியப்போகிறது, அதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்து பாகாட் தாண்டி ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், டுரியான் பழத் தோப்பு வைத்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் மரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். பிறகு பக்கத்தில் கிடந்த பாறையைப் பார்த்தேன். அதிலும் அதே வட்டம்! மறுபடி தலையில் கை வைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தமிழ் கலந்த மலாயில் கேட்டார்: "அலாமாக்! கல்லுக்கும் சாக்கிட்டா தம்பி? அதுக்கும் மருந்து குடுக்கப் போறியா?"

மோந்து பார்த்தவள்

கல்லுக்கு நோய் வராது என்ற ஞானம் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு மெதுவாக உறைத்தது. மறுநாள் விடிந்ததும் ஏழாம் பிளாக்குக்கு ஓடினேன். அஞ்சலையைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் சுரண்டு" என்றேன். அவள் கத்தி நுனியால் ஒரு துண்டைப் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனாள். "வாசம் இல்ல. ஆனா இது கல்பாசிக்குச் சொந்தம் ஐயா" என்றாள்.

கல்பாசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கறியில் அது விழுந்ததில்லை. அஞ்சலை காரைக்குடிப் பக்கத்துக்காரி. லயத்துக்குப் போய் மசாலா டப்பாவிலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து காட்டினாள். அது பெரிய இலை, இது சின்ன இலை, மற்றபடி அதே மடல், அதே சாம்பல் நிறம். சுரண்டிய இடத்தில் பட்டை பழுதில்லாமல் இருந்தது. அந்த மரத்திலேயே பால் வெட்டிக் காட்டச் சொன்னேன். மரத்தில் கட்டியிருந்த மங்குக் கோப்பையில் பால் தாரையாக இறங்கியது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, உட்கார்ந்தும் விட்டேன். அஞ்சலை கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தொட்டுப் பாக்கணும், மோந்து பாக்கணும் ஐயா. நீங்க எட்ட நின்னு எழுதிக்கிட்டே இருந்தா மரம் என்ன சொல்லும்?"

அதிகாரியின் எச்சில்

ஆனாலும் துரை அஞ்சலையின் மூக்கை நம்புவாரா? அதிகாரி வந்தார். விரலில் எச்சில் தொட்டு வட்டத்தின் மேல் தேய்த்தார். வெள்ளை போய்ப் பச்சை தலைகாட்டியது. பாசியும் காளானும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் ஓர் உயிர் இது, மரத்தின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர மரத்தைத் தின்னாது என்றார். துரையின் முகம் சுருங்கியது. பதினெட்டுக் குடும்பத்தையும் அனுப்ப இனிக் காரணம் இல்லை. பின்னால் நின்ற முத்தையா கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

என் சிவப்புப் புள்ளிப் படத்தை ஒளித்து வைக்கப் பார்த்தேன். அதிகாரி பிடுங்கிக்கொண்டார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எங்கெங்கே வளருகிறது என்று இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் குறித்துத் தந்ததில்லை. மேலே எழுதியிருக்கும் 'வியாதி' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடும்."

தார்

லயத்தில் மூட்டைகள் அவிழ்ந்தன. விற்ற கோழிகள்தான் திரும்பவில்லை. இனிக் குழப்பம் வேண்டாமென்று சுண்ணாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாரால் குறி போட ஆரம்பித்தேன். முதல் நாளே அஞ்சலை கறுப்பு வட்டத்தை விரலால் தொட்டு, மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்: "கறுப்புப் பாசி ஒண்ணு வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க ஐயா?"

இத்தனை வருஷம் மரவியாதி பார்த்ததில் நிச்சயமாகக் காப்பாற்றியதென்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அந்தப் பதினெட்டுக் குடும்பங்களைத்தான், அவர்களையும் என்னிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது.