சோத்து வண்டி

எங்கள் மேசையில் பாராட்டு கூடாது. வண்டியைக் கட்டி முடித்து, சாயம் அடித்து, காயவைத்துக் கொண்டுவந்து வைக்கிறவர், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு "குறை சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். கண்ணில் பட்டவற்றில் எது பெரிதோ அதை. வாய் தவறி "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் ஒரு வாரத்துக்குக் கேலி ஓயாது. "நல்லாருக்காம்ல! கல்யாணத்துக்கு வந்திருக்காரு, பந்தி நல்லாருக்காம்!" என்பார் எங்களில் மூத்தவரான நானா. எல்லாரும் எல்லாவற்றையும் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிகிற உலகத்தில், வாரம் ஒருமுறை உண்மையைக் கேட்டு வர எனக்கு ஒரு மாடிப்படி இருந்தது.

நாங்கள் மூன்று பேர். பட்டாள வண்டிகளைச் சின்னதாகக் கட்டுகிறவர்கள். பொம்மை என்று சொன்னால் நானாவுக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். டாங்கி, ஜீப்பு, பீரங்கி இழுக்கும் லாரி, எல்லாம் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, ஏர்பிரஷ்ஷில் சாயம் அடித்து, பிறகு அந்தப் புதுச் சாயத்தைத் துருவும் சேறும் புகையுமாகக் கெடுக்க வேண்டும். கெடுப்பதில்தான் கை தெரியும்.

மாடி அறை நானாவுடையது. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷம் வளைகுடாவில் ஒரு வண்டிப் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டராக இருந்து திரும்பியவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் கண் பொல்லாத கண். ஒரு கதவில் சாயம் இரண்டு தடவை ஏறியிருப்பதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிடும். மற்றவர் சுரக்குடிக்காரர். நெல் விளைவிக்கிற குடும்பம், வேலை கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில், எடைமேடையில். நாள் முழுக்க அசல் லாரிகளை நிறுத்து அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கை லாரிக்குச் சங்கிலி மாட்டுவார். நான் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். என் கை நடுங்கும், ஆனாலும் விடமாட்டேன்.

காலையிலேயே கூடிவிடுவோம். "கடக்காத்து ஏறுறதுக்குள்ள அடிச்சிடணும் தம்பி. ஈரம் ஏறிச்சுன்னா பூத்துப் போயிடும்" என்று நானா அவசரப்படுத்துவார். காரைக்கால் காற்றில் ஈரம் எப்போதும் காத்துக்கொண்டே இருக்கிறது. வார்னிஷ் காயும் முன் அது வந்து உட்கார்ந்தால் கறுப்பு டாங்கி விபூதி பூசியதுபோல் வெளுத்துவிடும்.

என் அப்பா சொல்தா. எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அவருடைய காகிதங்களைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பிரான்சுக்குப் போனான். அப்பா இறந்தபின் எனக்கு வந்தது ஒரு போட்டோ.

அதில் அப்பாவுக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது. அல்ஜீரியா. பின்னால் வெள்ளையாக வெயில், வெயிலைத் தவிர ஊர் என்று ஒன்றுமில்லை. முன்னால் டயரும் பின்னால் டாங்கி போலச் சங்கிலியும் போட்ட ஒரு கவச வண்டி. அதன் கதவில் ஒரு கை, கால்வைக்கும் பலகையில் ஒரு பாதம், சட்டைக்கை மடிப்பு முழங்கைக்கு மேல். "மூணு வருஷம் இத நான்தான் ஓட்டுனேன்" என்பார். கைத் தழும்புகளைக் கேட்டால் "ரேடியேட்டர் வெடிச்சது" என்பார், வேறெதுவும் சொல்லமாட்டார். ஓட்டினேன் என்ற அந்த ஒரு வரியில்தான் என் பிள்ளைப்பிராயம் முழுக்க ஏறி உட்கார்ந்து சவாரி போனது.

அந்த வண்டியைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். போட்டோவை எங்கள் மூவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எட்டு மாதம். கதவின் ஒவ்வொரு போல்ட்டையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். முன் பம்பரின் வலது ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தது, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அதே இடத்தில் நசுக்கினேன். சுரக்குடிக்காரர் சின்ன டப்பாவில் நிலக்கரித் தூள் கொண்டுவந்தார், புகைபோக்கியின் கரிக்கு. கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை மணலைத் துணியில் மூன்று தடவை சலித்துப் பார்த்தோம். அப்போதும் ஒரு துகள் அந்த அளவில் கூழாங்கல்லாக நின்றது. கடைசியில் செங்கல்லை மாவாய் அரைத்துத் தூவினோம். அல்ஜீரியா வந்தது. அப்பாவையும் கட்டினேன். முப்பத்தைந்தில் ஒன்றாக்கினால் அவர் என் சுண்டுவிரலைவிடக் குட்டை. ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன்.

மேசையில் வைத்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, "குறை சொல்லுங்க" என்றேன்.

சுரக்குடிக்காரர் நானாவைப் பார்த்தார். நானா கண்ணாடியை மேலேற்றி ரொம்ப நேரம் குனிந்திருந்தார். "டயரு பளபளங்குது. மட்டுச் சாயம் அடிச்சு மங்க வைக்கணும்" என்றார்.

"சங்கிலி கொஞ்சம் டைட்டு, தொய்வா விடலாம்ணே" என்றார் மற்றவர்.

அவ்வளவுதானா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் எங்கள் வண்டிகளைப் பார்வைக்கு வைத்தோம். என் வண்டிக்கு முன்னால் நிற்க ஓர் அட்டை வேண்டும் என்றேன். நானாவே எழுதினார், தூரிகையில், பட்டறைக் கதவுகளில் எழுதிப் பழகிய சாய்வெழுத்தில்: என் தந்தை ஓட்டிய வண்டி. 'தந்தை' என்ற சொல்லை ஒருமுறை அழித்துத் திரும்ப எழுதினார். 'தை' சரியாக வரவில்லை என்றார்.

இரண்டாம் நாள் மதியம் கூட்டம். நான் அட்டைக்குப் பின்னால் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ரேடியேட்டர் வெடித்து அப்பாவின் கை வெந்த கதை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எங்கள் குழுவில் சுரக்குடிக்காரர் ஒரு படம் போட்டிருந்தார். பத்தடி தள்ளி அடுத்த மேசையில்தான் நிற்கிறார், போனைக் குனிந்து பார்த்தபடி.

என் அப்பாவின் போட்டோ. பெரிதாக்கி, எங்கள் வழக்கப்படி குறை உள்ள இடங்களில் சிவப்பு வட்டம். முன்சக்கரத்தைச் சுற்றி ஒன்று: சக்கரம் தரையில் இல்லை, கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறது. இன்ஜின் மூடியின் பக்கத் திறப்பில் ஒன்று: உள்ளே ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்து வெயில் இந்தப் பக்கம் தெரிகிறது. மூன்றாவது வட்டம் அப்பாவின் இடுப்பில்: மடித்துச் செருகிய வெள்ளை ஏப்ரன். நான்காவது ஓரத்தில், நான் எப்போதும் பாறை என்று நினைத்திருந்தது: கவிழ்த்துவைத்த அண்டாக்கள். கீழே, "சோத்து வண்டிக்கு இன்னிக்கு நல்ல கூட்டம் நானா" என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் முகம்.

நானாவுக்குத் தனியாகப் போகவேண்டியது கைதவறி மூவருக்கும் வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் படம் மறைந்து, செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது. நிமிர்ந்தேன். சுரக்குடிக்காரரும் நிமிர்ந்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேசைக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். "இத உங்கப்பா ஓட்டினாங்களா சார்?"

"ஆமாங்க. மூணு வருஷம்."

பொய்யென்று தெரிந்தே என் வாயால் அந்த வரியைச் சொன்ன முதல் தடவை அது. அதற்கு முன் சொன்னதெல்லாம் அப்பா சொன்னது.

அன்று சாயங்காலம் வீட்டில் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரிந்துவிட்ட பிறகு எல்லாம் தெரிகிறது. போல்ட்டை எண்ணியவன் சக்கரத்துக்கடியில் கட்டையைப் பார்க்கவில்லை. வேறொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் மிஞ்சிய பிரெஞ்சு முழுக்க அடுப்படிப் பிரெஞ்சு. பெரிய அண்டாவுக்கு மர்மித் என்போம், குழம்புக் கரண்டிக்கு லூஷ். கிளட்ச்சுக்கு, பிரேக்குக்கு, ஸ்டீயரிங்குக்கு ஒரு சொல்லும் அப்பா வாயிலிருந்து வந்ததில்லை. ஊரில் அவர் ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. நிலைப்படியில் நின்று மூக்காலேயே "உப்பு கம்மி" என்பார், சரியாக இருக்கும். கையில் இருந்த தழும்புகள் ரேடியேட்டர் தெறித்தது அல்ல. எண்ணெய் அப்படித்தான் தெறிக்கும், சின்னச் சின்னதாக, முழங்கைவரை.

பட்டாளத்துக்கே சோறு போட்டவர். செத்துப்போன ஒரு வண்டி அடுக்களைக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. அதன் மேல் ஒரு காலை வைத்திருக்கிறார். ஒருநாள், ஒரு நிமிடம். அந்தப் பொய்யின் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வயதில், அந்த வெயிலில், நானும் காலை வைத்திருப்பேன்.

கோபம் அந்த மாடிப்படியின் மேல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உட்காரவில்லை. "எப்பலேர்ந்து தெரியும் நானா?"

சுரக்குடிக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். நானா மறைக்கவில்லை. "நீங்க போட்டோ போட்ட மறுநாளே."

"எட்டு மாசம்."

"ம்."

"குறை கேட்டேன்ல?"

"கேட்டீங்க. டயரு சொன்னேன்."

"அது பொய்யா?"

"அதுவும் குறைதான் தம்பி."

"பெருசத்தான சொல்லணும்?"

"வண்டிக்குக் குறை சொல்றதுதான் நம்ம பேச்சு. மவுத்தாப் போன ஒங்க வாப்பாவுக்கு நான் எப்புடிக் குறை சொல்றது? சொல்லியிருந்தா முடிச்சிருக்கவே மாட்டீங்க."

"அப்ப சோத்து வண்டின்னு சிரிச்சது?"

"அது நான் வச்ச பேருண்ணே" என்றார் சுரக்குடிக்காரர், தரையைப் பார்த்து. "சும்மா ஒரு இதுக்கு. நானா மேல தப்பில்ல."

"நானும் சிரிச்சேன்" என்றார் நானா. "அதுல பொய் சொல்ல மாட்டேன்."

அதில் மட்டும்.

அவர்களுக்குப் புரியவைக்க முயன்றேன், வார்த்தை வரவில்லை. இங்கே எழுதுகிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் நொறுங்கியிருப்பேன், ஒரு மாதம் வந்திருக்க மாட்டேன். பிறகு வந்து சங்கிலியைக் கழற்றியிருப்பேன். இன்ஜினை எடுத்திருப்பேன். தீக்குச்சியைச் செதுக்கிக் கட்டை வைத்து, அண்டாக்களைக் கவிழ்த்து, இடுப்பில் ஏப்ரன் செருகிய ஒருவனை அந்தப் பலகையில் ஒரு காலோடு நிறுத்தியிருப்பேன். முதல்முறையாக என் அப்பாவை. அவர்கள் இருவரும் அவரைப் பார்த்துவிட்டார்கள். மாலைதோறும் போனில் வைத்துப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். மகனுக்கு மட்டும் காட்டவில்லை. கரித்தூளும் செங்கல்மாவும் கொடுத்து, இல்லாத ஓர் ஆளை ஓட்டுநர் இருக்கையில் ஒட்டவைத்துவிட்டு, அட்டையும் எழுதிக் கொடுத்தார்கள்.

போவதை நிறுத்தவில்லை. பழகிய கால். ஆனால் என் வண்டி வீட்டு அலமாரியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது, புதிதாக எதையும் நான் தொடங்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் நானா தன் வண்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு ராணுவத் தண்ணீர் லாரி. வளைகுடாப் பட்டறையில் அவர் கையாலேயே எத்தனையோ அசலுக்கு மணல் நிறம் அடித்த அதே ரகம். இரண்டு வருஷ உழைப்பு. வெயிலில் வெளுத்த பானெட், ஒழுகிய தண்ணீர்க் கோடு, கதவோரம் கைபட்டுத் தேய்ந்த இடம், எல்லாம் அப்படியே மூச்சு விட்டன. நான் குனிந்தேன். கண்டுபிடிக்க ஒரு நொடி ஆகவில்லை. வலப்பக்கத்துப் பின்டயர்கள் இரண்டும் திருப்பி மாட்டியிருந்தன. இடப்பக்கம் அம்புபோல் முன்னே பாயும் தடம் வலப்பக்கம் பின்னே பாய்ந்தது. இருபது வருஷம் பட்டறையில் நின்ற மனுஷர் அந்தத் தப்பைச் செய்ததை நான் சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார், இரவோடு இரவாக மாற்றியிருப்பார்.

கையை மடியில் போட்டுக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து, "குறை சொல்லுங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் வேறு ஏதோ கேட்டார். அது எனக்குக் கேட்டது.

"ஒண்ணுமில்ல நானா" என்றேன். "ரொம்ப நல்லாருக்கு."

சுரக்குடிக்காரர் கேலி செய்யவில்லை. நானா மெல்லக் கண்ணாடியைக் கழற்றி, கைலி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி" என்றார்.

"நெசமாத்தான் நானா. நல்லாருக்கு."

நேற்று அந்த லாரியின் படத்தைக் குழுவில் போட்டிருந்தார், வலப்பக்கத்திலிருந்து எடுத்தது. டயர்கள் அப்படியேதான் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கினேன், சிவப்பில் ஒரு வட்டம் வரைந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.