அண்ணன் மட்டைக்கு நான் சுற்றிய டேப்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். அண்ணன் ஹாக்கி நன்றாக ஆடுவார். பக்கத்துப் பட்டறை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுத்தது. அணியில் சேர்ந்தால் பட்டறையில் வேலையும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத்தான் வீடே நம்பியிருந்தது.

அண்ணனிடம் இருந்தது ஒரே மட்டை. கைப்பிடியில் வெள்ளைத் துணி நாடா சுற்றியிருப்பார். வியர்வையை அது குடித்துக்கொள்ளும். கீழே வளைவில், விரிசல் விட்ட இடத்தில் கறுப்பு டேப். மின்சார வேலைக்காரர்கள் கம்பியில் சுற்றுவார்களே, தார் வாசனை அடிக்கும், அதுதான். விரல் கிழிந்தால் ஒட்ட ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும்.

அன்று காலை அண்ணன் குளிக்கப் போனதும் மட்டையை எடுத்தேன். கைப்பிடி நாடா அழுக்கேறி நைந்திருந்தது. கறுப்பு டேப்போ புத்தம் புதுசு. நாடாவைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கைப்பிடி முழுக்கக் கறுப்பைச் சுற்றினேன்.

அண்ணன் வந்து பார்த்தார். "இன்னாடா இது?"

"நான்தாண்ணே சுத்துனேன். நல்லா கீதா?"

கைப்பிடியை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு, "சோக்கா கீதுடா" என்றார். டின்னிலிருந்து வெள்ளை நாடாச் சுருளை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டார். நானும் கூடவே ஒட்டிக்கொண்டு போனேன்.

வெயில் ஏற ஏற டேப்பின் பசை இளகியது. ஹாக்கியில் மட்டை கைக்குள் வழுக்கித் திரும்ப வேண்டும். அண்ணன் கைக்குள் அது திரும்பவே இல்லை. இரண்டு பந்துகள் தவறின.

எதிரணி ஆள் ஒருவன் கத்தினான்: "இன்னா மாமு, மட்டையக் கண்ணாலம் கட்டிக்கினியா? வுடவே மாட்டேன்றே!"

"ஆமாண்டா, தாலி கட்டுனது என் தம்பி" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலுமிச்சம்பழத் துண்டைக் கடித்தார். மறுபடி இறங்கினார். கடைசி நேரத்தில் அதே ஆள் அண்ணனின் மட்டையை ஓங்கி அடித்தான். வேறு யார் கையில் இருந்தாலும் பறந்திருக்கும். இது அசையவில்லை. பந்து நின்றது, கோல் தப்பியது. அந்த வாரமே வேலை கிடைத்தது.

வீட்டில் அம்மா தேங்காயெண்ணெய் தடவி அவர் உள்ளங்கைப் பசையைத் துடைத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, வெயிலு."

என் டேப்தான் அண்ணனுக்கு வேலை வாங்கித் தந்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அண்ணன் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

பிறகு அண்ணன் சொல்லி நானும் அதே பட்டறையில், மின்சாரப் பிரிவில் சேர்ந்தேன். முப்பது வருடமாக அந்த டேப்பைத்தான் சுற்றுகிறேன். அதை உரித்துவிட்டு நாடா சுற்ற இரண்டு நிமிடம் போதும். அன்று இடைவேளை ஐந்து நிமிடம். நாடாச் சுருள் அவர் பையிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதத்தோடு அண்ணன் ஓய்வு பெறுகிறார். எழுதி முடித்தது ஆவணி ஏழு, ஞாயிறு.