நீல நூலில் கட்டிய பழங்கள்

கிம்ஹே நகரில் நான் குடியிருந்த அறையில் தரைதான் அடுப்பு. சுவரின் வெளிப்புறத்தில் ஒரு குழி இருந்தது. அதில் துளைகள் நிறைந்த வட்டமான கரிக்கட்டி ஒன்றை மூட்டி வைத்தால், அதன் சூடு தரைக்கடியில் ஊர்ந்து அறை முழுவதும் பரவும். குளிர் கூரையிலிருந்து இறங்கும். வெப்பம் உள்ளங்காலிலிருந்து ஏறும். இலங்கை மலையகத்து டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துச் சீமெந்துத் தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் பாயை விரித்து, கம்பளியைப் போர்த்தியும் முதுகு விறைக்கப் படுத்துப் பழகிய எனக்கு அந்தச் சூடு முதல் வாரத்தில் பெரும் கூச்சத்தைத் தந்தது. யாரோ ஒருவர் எனக்காக அடியில் குந்தியிருந்து நெருப்பு ஊதுவதைப் போலவே இருந்தது. அது வெறும் கற்பனையும் அன்று. விடியுமுன் எழுந்து, எரிந்து வெளுத்த கட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவர் வீட்டுக்கார அம்மையார்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பயிற்சித் தொழிலாளி என்ற பெயரில் நான் தென்கொரியா சென்றேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கொரியா என்றால் வானளாவிய கட்டடங்கள் என்று எண்ணியிருக்கும் நம்மவர்களுக்கும், இன்று அந்நாட்டுக்குப் புறப்படக் காத்திருக்கும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாழ்ந்தது தலைநகரம் அன்று. இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு நெல்வயல் கிடக்கும் தென்பகுதி நகரம் அது. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஆற்றோரத்தில் சந்தை கூடும். முட்டை விற்கும் சிற்றூர்தி ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாக வரும். பஸ்ஸில் நான் நின்றுகொண்டு போனால், அமர்ந்திருக்கும் பெண்மணி ஒரு சொல்லும் பேசாமல் என் பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸிலும் நாம் அதைத்தானே செய்கிறோம்? அந்த ஒரு செய்கையால் அந்த நகரம் எனக்குப் பாதி பழகிவிட்டது.

வீட்டுக்கார அம்மையாரை நான் அஜும்மா என்று அழைப்பேன். வயதில் மூத்த பெண்களை அந்நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் இறந்துவிட்டார். சந்தையில் தொட்டுக்கொள்ளும் கறிவகைகள் விற்றுப் பிழைத்தார். வெளிநாட்டானுக்கு வீடு கொடுப்பதில்லை என்று அந்தத் தெருவில் பலர் கதவைச் சாத்தியபோது, அவர் என் காலணிகளைப் பார்த்தார். அவற்றை நான் வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்திருந்ததைப் பார்த்தார். பிறகு முற்றத்துப் பக்கவறையைத் திறந்து காட்டினார். அவருக்கு ஒரே மகள். தாய்க்குப் பிடிக்காத ஒருவனை மணந்துகொண்டு வடக்கே இஞ்சோன் நகருக்குப் போய்விட்டாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று தாய் சொன்னதாகவும், சொன்னவரே மூன்று ஆண்டுகளாக அந்த வாசலைப் பார்த்தபடி இருப்பதாகவும் என் நண்பர் சுனில் மூலம் பின்னர் அறிந்தேன். நான் கண்டதெல்லாம், வாசல் கேற் கதவு திறக்கும் ஓசை கேட்டவுடன் எழுந்துவிட்டு, நான் என்று தெரிந்ததும் மறுபடி உட்காரும் ஒருவரைத்தான்.

முற்றத்தில் ஒரு மரம் நின்றது. கம் என்பது அதன் பழத்தின் பெயர். தக்காளியின் வடிவும் செவ்விளநீரின் நிறமும் கொண்டது. குளிர்காலம் நெருங்க இலைகளெல்லாம் உதிர்ந்து, பழம் மட்டும் விளக்கேற்றியதைப் போலக் கிளைகளில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் புறப்படும்போது, பழங்களைப் பறித்து வைக்க முடியுமா என்று அஜும்மா கேட்டார். மூன்று மாதங்களாக எனக்குச் சூடு தந்தவருக்கு நான் செய்யக்கூடிய முதல் உதவி அது. மகிழ்ச்சியோடு ஏறினேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். தோட்டத்தில் நான் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டியவன். அதற்குமுன், பன்னிரண்டு வயதிலிருந்தே அம்மாவோடு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவன். அங்கே ஒரு செடியில் எடுக்க வேண்டிய கொழுந்தை விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தால், நிரையின் கடைசியில் நிற்கும் கங்காணியின் குரல் மலை முழுக்கக் கேட்கும். "யாரு நிரை இது? மேல நிக்கிறத எடுக்க ஒங்க மாமியாளா வருவா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அகப்பட்டவள் தலைகுனிந்து திரும்பிப் போய் எடுப்பாள். என் அம்மாவும் ஒருநாள் அப்படித் திரும்பிப் போனார். மிச்சம் விடுவது சோம்பல், சோம்பல் என்பது அவமானம் என்று என் கைகள் அன்றைக்கே கற்றுக்கொண்டன.

ஆகவே நான் மிச்சம் விடவில்லை. கொக்கிக் கம்பு எட்டாத உச்சிக் கிளைகளுக்கும் ஏறினேன். ஏற ஆளில்லாததால்தான் ஆண்டுதோறும் உச்சியில் பழங்கள் வீணாகின்றன என்று இரக்கப்பட்டுக்கொண்டேன். கடைசிப் பழம்வரை காம்போடு பறித்து, பெரியது சிறியது பிரித்துக் கூடைகளில் அடுக்கி, முற்றத்தையும் பெருக்கிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அஜும்மா வந்தார். கூடைகளைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். கையிலிருந்த பைகளை மெதுவாகக் கீழே வைத்தார். "மேலே... ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். நான் பெருமையோடு, ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. களைத்திருப்பாய், போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையிலும் வழக்கம்போல் என் கதவருகே, பானையின் அடிச்சோற்றில் ஊற்றிக் காய்ச்சிய வெந்நீர் கிண்ணத்தில் இருந்தது. தரையும் சூடாகவே இருந்தது. ஆனால் முகம் கழுவ வரும்போது அண்ணாந்து மரத்தைப் பார்ப்பது அவரது வழக்கம். அன்று அவர் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் பார்க்கவில்லை.

சுனில் குருநாகலைச் சிங்களவர். தொழிற்சாலையில் என்னோடு ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர். கொரிய மொழியை என்னைவிட நன்றாக அறிந்தவர். நடந்ததை அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், நீ பறவையோட சோத்தத் திருடிட்டே," என்ற பொருள்படச் சொன்னார். அந்நாட்டில் உச்சிப் பழங்களைப் பறிப்பதில்லையாம். அவை காச்சி என்னும் பறவைக்கு. நம் காகத்தின் உடலில் வெள்ளைத் துணியைச் சுற்றியதைப் போன்ற பறவை அது. பனிக்காலத்தில் பசியாறட்டும் என்று விட்டுவைப்பார்கள். காலையில் வீட்டு மரத்தில் அது கத்தினால் விருப்பமானவர் யாரோ வரப்போகிறார் என்று நம்புவார்கள். இதைச் சொல்லும்போது சுனிலின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு வர வேண்டியவள் ஒருத்திதானே என்றார்.

இது எனக்குத் தெரியாத வழக்கமா? என் மனைவி சரஸ்வதி, தான் உண்பதற்குமுன் ஒரு பிடி சோற்றை லயத்துக் கூரையில் வைத்துவிட்டுக் காகத்தை அழைப்பவள். "காலையில காக்கா கத்துச்சு, ஒங்க கடுதாசி வருமுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று எழுதியவள். அந்தக் கடிதம் என் தலையணைக்கடியில் இருக்கும்போதே, இன்னொரு வீட்டில் காத்திருந்தவரின் மரத்தை மொட்டையாக்கிவிட்டேன்.

மறுநாள் வெளிச்சம் வந்தவுடன் மறுபடி மரத்தில் ஏறினேன். தொழிற்சாலையில் பெட்டி கட்டும் நீல நைலோன் நூல் என் சட்டைப்பையில் இருந்தது. காம்பு நீண்ட பழங்களாக ஒன்பதைத் தெரிந்தெடுத்து, கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டும் அதே முடிச்சால் உச்சிக் கிளைகளில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். நான்காவதைக் கட்டும்போது கீழே கதவு திறந்தது. அஜும்மா கிண்ணத்தோடு நின்றார்.

"இறங்கு. விழுந்து சாகப்போகிறாய்," என்றார்.

நான் இறங்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே ஒன்று கட்டு," என்றார்.

மீதி ஐந்து பழங்களும் எந்தக் கிளையில் தொங்க வேண்டும் என்பதை அவரே கீழிருந்து விரல் நீட்டிக் காட்டினார். அன்று எனக்கு வேலைக்குத் தாமதமாகிவிட்டது. மூன்றாம் நாள் காச்சிகள் வந்தன. கட்டிய பழம் எது, காய்த்த பழம் எது என்று அவை பார்க்கவில்லை.

சந்திரப் புத்தாண்டுக்கு அந்த நகரம் வெறிச்சோடிவிடும். எல்லோரும் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், தொழிற்சாலைகள் மூடிவிடும், எங்களைப் போன்றவர்கள் மட்டும் தெருவில் திரிவோம். அன்று காலையில் மரத்தில் காச்சி கத்தியதா என்று என்னைக் கேட்டால், கத்தியது. ஆனால் அது தினமும் கத்திக்கொண்டுதான் இருந்தது. பத்து மணியளவில் கேற் திறந்தது. பேரிக்காய்ப் பெட்டியொன்றைத் துணியில் கட்டிச் சுமந்தபடி ஓர் இளம்பெண் நின்றாள். அஜும்மா அகப்பையோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் என் அறை வாசலில் காலணி துடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவே பத்தடி முற்றம். அதைக் கடக்க இருவருக்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எந்தச் சொல்லை முதலில் எடுப்பது?

பெட்டியின் பாரம் தாங்காமலோ, தாயின் முகத்தைப் பார்க்க முடியாமலோ, மகள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். பழங்களைப் பறவைகள் தின்று தீர்த்திருந்தன. ஒன்பது நீல நூல்கள் மட்டும், நுனியில் காம்பு ஊசலாட, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மா, அது என்ன நூல்?" என்று கேட்டாள்.

அஜும்மா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அகப்பையால் என்னைச் சுட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கினார். முழுவதும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் கையை உயர்த்தி நான் ஏறியதைக் காட்டினார், கூடைகளைக் காட்டினார், முடிச்சுப் போடுவதைக் காட்டினார். மகள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, ஆம் என்று தலையசைத்தேன். அவள் சிரித்தாள். தாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அகப்பையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் மூடிக்கொண்டார். மகள் அந்தப் பத்தடியையும் நடந்து வந்தாள். அன்று என்னையும் உள்ளே அழைத்தார்கள். அரிசிமாத் துண்டுகள் இட்ட புத்தாண்டுக் கஞ்சியை மூவரும் ஒரே தாழ்ந்த மேசையில் அமர்ந்து குடித்தோம்.

ஒப்பந்தம் முடிந்து நான் டிக்கோயா திரும்பியபோது என் மகள் கவிதாவுக்குப் பதினொரு வயது. நான் போகும்போது அவளுக்கு எட்டு. லயத்து வாசலில் சரஸ்வதி அழுதாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், போனார்கள். கவிதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தாயிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது.

"அம்மா, இவங்களுக்கு டீ எந்தக் கப்புல குடுக்குறது?"

விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதிலேயே தேநீர் வந்தது. குடித்தேன். எங்களுக்கு நடுவே பத்தடி முற்றம்கூட இல்லை. லயத்தில் ஒரே அறை, சிறிய காம்பரா அது. ஆயினும் எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பெட்டியை அவிழ்க்கலாம் என்று குனிந்தேன். அது நீல நூலால் கட்டப்பட்டிருந்தது. புறப்படும் நாளில் அஜும்மாவே கட்டித் தந்தது. அதைப் பார்த்ததும், ஒருவரையும் நோக்காமல், மரத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நான்காவது பழத்துக்கு வரும்போது கவிதா நிலையை விட்டுவிட்டு அருகில் வந்து குந்தினாள்.

"நெசமாவே கட்டுனீங்களா?" என்று கேட்டாள். பிறகு, நான் பதில் சொல்லுமுன், "யாராச்சும் மரத்துல பழத்தக் கட்டுவாங்களாப்பா?" என்றாள்.

இவையெல்லாம் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கவிதா இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவாள். லயத்துக்குப் பின்னால் ஒரு பேரிமரம் உண்டு. அதன் உச்சிக் காய்களை நான் பறிப்பதில்லை. "கொரியாவுல மரத்துக்குக் காய் கட்டுன மனுசன், இங்க இருக்குற காயப் பறிக்க மாட்டேங்குறாரு" என்று சரஸ்வதி அயலாரிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் காய்களுக்கு நடுவே ஒரு நீல நூல் தொங்குகிறது. கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலையில் கவிதா ஏறிக் கட்டியது. வெயிலில் அதன் நிறம் ஏறக்குறைய வெளுத்துவிட்டது.

காலையில் மரத்திலிருந்து காகம் கரைந்தால், சரஸ்வதி ஹட்டன் பஸ் வரும் பாதையைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன், ஆனால் அதற்குமுன் ஒரு கணம், கரைந்த பறவையின் உடலில் வெள்ளை இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.