செஞ்சிக் கதை கேட்ட மத்தியானங்கள்

அந்த அறையில் இருந்தது ஐந்து பேர்.

சமையல் மாஸ்டர் இருந்தார். இந்தியாக்காரர், செஞ்சிப் பக்கம். ஒழுங்கான வேலை விசாவில் வந்தவர். எங்களை மாதிரி எல்லை கடந்து வந்தவரில்லை.

லிங்கரியில், அதுதான் ஹோட்டலின் துணி தோய்க்கிற பகுதியில், வேலை செய்த சாவகச்சேரிக்காரர் இருந்தார். நரைத்த தலை. வாய் சும்மா இராது.

பஃபேயில் நின்றவர் இருந்தார். எங்களுக்கு முன்னமே வந்து வதிவிடப் பெர்மிட் எடுத்தவர். டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, வடிவாகக் கதைப்பார். கிழமையில் ஒரு நாள் பேர்னுக்குப் போய், அகதிகளை விசாரிக்கிற இடத்தில் மொழிபெயர்ப்பார்.

புதிதாக வந்தவர் இருந்தார். உருளைக்கிழங்கு சீவுகிற வேலை.

பிறகு நான். சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறவன்.

புதிதாக வந்தவர் என்னுடைய கூடப்பிறந்த தமையன். அது மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அண்ணை முதலில் போனது ஜேர்மனிக்கு. அங்கே சொந்தப் பேரில் அகதி அந்தஸ்துக் கேட்டார், மறுத்துப்போட்டார்கள். பிறகு சுவிசுக்கு வந்து வேறு பேரில் கேட்டார். அந்தப் பேர் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனுடையது. கப்பலில் வேலை செய்கிறவன். பிறப்புச் சான்றிதழை அவனே கொடுத்தான். ஆகவே அண்ணைக்குப் பேர் வேறு, தாய் தகப்பன் வேறு, ஊரும் வேறு. என்னுடைய விசாரணையில் நான் தமையனின் உண்மையான பேரைச் சொல்லியிருந்தேன், ஜேர்மனியில் இருக்கிறார் என்றும் சொல்லியிருந்தேன். நாங்கள் சகோதரங்கள் என்று பிடிபட்டால் அண்ணையின் கேஸ் அதோடு முடிந்தது. திருப்பி ஜேர்மனி. அங்கிருந்து கொழும்பு. என்னுடைய கேஸும் நிற்குமோ தெரியாது.

துன் நகரத்தில் ஏரிக்கரையில் இருந்தது அந்த ஹோட்டல். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்களுக்கு வேலையில்லை. மேல் மாடியில் ஊழியருக்கு ஓர் அறை. நானும் அண்ணையும் அதிலேயே படுக்கிறது. மற்ற மூன்று பேரும் மத்தியானத்தில் அங்கே வந்து இருப்பார்கள். தேத்தண்ணி, கதை. வேறொன்றுமில்லை.

அண்ணை வந்த முதல் நாளே நான் ஒரு பிழை விட்டேன்.

கட்டிலில் இருந்துகொண்டு சிகரெட் பத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாஸ்டர். ஹோட்டல் பொறுப்பாளரான செஃப் கதவைத் திறந்து அண்ணையை உள்ளே விட்டார். நான் எழும்பிவிட்டேன். சிகரெட் பிடித்த கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் வீட்டில் தமையனுக்கு முன்னால் பத்துவதில்லை. யோசித்துச் செய்ததில்லை அது. கை தன்பாட்டுக்குப் போனது.

செஃப் போனபிறகு, "வாங்கோ, நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டேன்.

அண்ணை பாடமாக்கின ஊரைச் சொன்னார். ஏதோ பஸ்ஸில் சந்தித்த ஆள் மாதிரி என்னைப் பார்த்தார். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

மாஸ்டர் என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சட்டை கருகப்போவுது," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவரில் கண்.

பஃபேக்காரரில் இன்னும் கூட. அவர் அண்ணையை விட்டபாடில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்.

"நீர் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை என்ன இருக்கு?"

"கோயில்."

"என்ன கோயில்?"

"பிள்ளையார்."

"தேர் எத்தினையாம் திருவிழா?"

அண்ணை சொல்லுவார். சில வேளை திக்குவார். பஃபேக்காரர் விடமாட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லும். உம்மட ஊர்க் கோயில்தானே?"

லிங்கரிக்காரர் இடையில் விழுவார். "உமக்கென்ன விசரே? பொம்பிளை பேசவோ கேக்கிறீர்? அவனுக்குச் சீதனம் எவ்வளவு எண்டும் கேளும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்தப் பஃபேக்காரன் பேர்னுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் என்று மனதில் நினைப்பேன்.

ஒரு நாள் மழை. வெளியே போக இடமில்லை. லிங்கரிக்காரர் மாஸ்டரைச் சீண்டினார்.

"மாஸ்டர், உங்கட ஊரிலை என்ன இருக்கு? ஒரே கல்லெண்டு சொல்லுகினம்."

"கல்லுதாங்க. மூணு மலை. மூணு மலையையும் சுத்தி மதிலு. அந்தக் கல்லு மேலதான் மராட்டிய ராஜா ஒருத்தரு வந்து ஒளிஞ்சிருந்தாரு."

"ஒளிச்சிருந்தவன் எல்லாம் ராசாவோ? அப்ப நாங்கள் ஆர்? சக்கரவர்த்தியளோ?"

மாஸ்டர் கோபிக்கவில்லை. காலை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார். அவர்கள் ஊரில் சொல்லுகிற கதையாம். மராட்டியரின் மூத்த ராசாவை டெல்லிப் பாதுசா பிடித்துக் கொன்றுபோட்டான். தம்பி ராசாவானான். அவனையும் பிடிக்கப் படை வந்தது. அவன் சொந்த நாட்டை விட்டுத் தெற்கே ஓடிவந்தான், செஞ்சிக் கோட்டைக்கு. ராசா மாதிரி வரவில்லை. யாத்திரை போகிற சாமியார் மாதிரி. கூட வந்தவர்களுக்கும் அதே உடுப்பு. குதிரை இல்லை, குடை இல்லை. யார் ராசா, யார் வேலைக்காரன் என்று பார்த்துச் சொல்ல ஏலாது.

"நல்லா நடந்துதான் வந்தாங்க. பெங்களூருகிட்ட ஒரு சத்திரத்துல தங்கினாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டாங்க."

"எப்பிடி?" என்று பஃபேக்காரர் கேட்டார்.

"கால் கழுவப் போனாங்க. ராஜா நின்னாரு. ஒருத்தன் சொம்புல தண்ணி ஊத்துனான். இன்னொருத்தன் குனிஞ்சு அவரு காலைத் தேச்சுக் கழுவினான். சாமியாருக்கு சாமியாரு எதுக்குக் கால் கழுவணும்? பாத்துக்கிட்டிருந்த ஒருத்தன் போய்ச் சொல்லிட்டான்."

மாஸ்டர் தன் தேத்தண்ணியை எடுத்தார்.

"பழக்கம்," என்றார் லிங்கரிக்காரர். "உடுப்பை மாத்தலாம். பழக்கத்தை எங்கை கழட்டுறது?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார் என்று நினைத்தேன். பார்த்தாரோ இல்லையோ, இன்றைக்கும் தெரியாது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் கோப்பை கழுவும்போது கணக்குப் பார்த்தேன். வேறென்ன பிழை விட்டிருக்கிறேன்? சாப்பாட்டில் முதல் கோப்பையை அண்ணைக்கு நீட்டுகிறேன். அவர் கை வைத்தபிறகுதான் நான் தொடுகிறேன். அவர் நின்றுகொண்டிருந்தால் நான் கதிரையில் இருப்பதில்லை. ஜன்னல் பக்கக் கட்டில் என்னுடையதாக இருந்தது. அவர் வந்த கிழமையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அண்ணை என்று கூப்பிட்டதில் பிழையில்லை. எல்லாரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் லிங்கரிக்காரரையும் அண்ணை என்கிறேன், அவருக்கு முன்னால் புகை விடுகிறேன். கண்ணுள்ளவனுக்கு இது போதும்.

மாஸ்டர் வேண்டுமென்றுதான் அந்தக் கதையைச் சொன்னார். அப்படித்தான் எனக்குப் பட்டது. எச்சரிக்கையோ, மிரட்டலோ, அதுதான் பிடிபடவில்லை.

அண்ணையோடு கதைத்தேன்.

"அப்ப என்னை மரியாதை இல்லாமல் நடத்து," என்றார்.

"ஏலாது."

"ஏலும். செய்."

அடுத்த நாள் மத்தியானம் ஐந்து பேரும் இருந்தோம். சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தேன். அண்ணை எனக்கு எதிரே கதிரையில் இருந்தார்.

"டேய்," என்றேன். "நெருப்புப் பெட்டியை எடு."

என் குரல் எனக்கே வேறு ஆளுடைய குரலாகக் கேட்டது. அண்ணை எழும்பினார். பெட்டியைத் தரவில்லை. தானே குச்சியைக் கிழித்து என் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். நான் பத்தவைத்தேன். புகையை அவர் பக்கம் விட்டேன்.

எங்கள் ஐயா செத்தபிறகு என்னைப் படிப்பித்தது அவர். படிப்பு ஏறவில்லை, அது வேறு கதை.

லிங்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாரடா, கோப்பை கழுவுறவருக்குக் கொள்ளி வைக்க ஒரு ஆள்! ராசா இவர்தான். மாஸ்டர், பிடிச்சுக் குடுங்கோ."

மாஸ்டர் சிரிக்கவில்லை. பஃபேக்காரரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சத்திரத்திலை பிறகு என்ன நடந்தது?" என்று பஃபேக்காரர் கேட்டார்.

ராசாவை வேறு வழியால் அனுப்பிவிட்டு, சில பேர் மட்டும் சத்திரத்தில் தங்கிக்கொண்டார்களாம். காவல்காரர் வந்து அவர்களைப் பிடித்தார்கள். சவுக்கால் அடித்தார்கள். சுடு சாம்பலை மூட்டையாக்கி மூஞ்சியில் கட்டினார்கள். எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். நாங்கள் யாத்திரைக்காரர். வேறொன்றும் தெரியாது. அடித்தவர்களுக்கே அலுத்துப்போய்க் கடைசியில் விட்டுவிட்டார்கள்.

"ஆக்கினை வந்தால் ஒரே கதையைச் சொல்ல வேணும்," என்றார் பஃபேக்காரர். "ஒரு சொல்லும் மாறப்படாது. மாறினாத்தான் பிடிப்பாங்கள்."

அதை அண்ணையைப் பார்த்துத்தான் சொன்னார்.

செஞ்சிக் கதை முடிய இன்னும் சில மத்தியானங்கள் ஆயின. பாதுசாவின் தளபதி வந்து மலையைச் சுற்றிக் கூடாரம் அடித்தானாம். ஏழெட்டு வருசம் கிடந்தானாம். இன்றைக்குப் பிடிக்கிறேன், நாளைக்குப் பிடிக்கிறேன் என்று டெல்லிக்கு எழுதிக்கொண்டே இருந்தான். கடைசியில் கோட்டையைப் பிடித்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ராசா இல்லை. முன்னமே இறங்கிப் போய்விட்டார்.

"அவ்வளவு படை சுத்தி நிக்கேக்கை எப்பிடிப் போனவன்?" என்று நான் கேட்டேன். நான் கேட்ட ஒரேயொரு கேள்வி அதுதான்.

"தளபதியே வழி விட்டுட்டான்னு சொல்லுவாங்க. பாதுசாவுக்கும் சந்தேகம் இருந்துச்சாம்."

"விட்டவன் எண்டதுக்கு என்ன ஆதாரம்?" பஃபேக்காரர் சத்தமாகக் கேட்டார்.

"ஆதாரம் ஏதுங்க? அவன் சொன்னானா, ராஜா சொன்னாரா?"

"அப்ப சொல்லாதையுங்கோ," என்று கோபமாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். தேத்தண்ணி பாதியில் இருந்தது.

"இவருக்கு ஏன் சுடுகுது?" என்றார் லிங்கரிக்காரர். "தளபதி என்ன இவரின்ர மாமனோ?"

அந்த மாதமே அண்ணைக்குக் கடிதம் வந்தது. பேர்னில் விசாரணை, காலை ஒன்பது மணி. அன்று பஃபேக்காரரும் வேலைக்கு லீவு என்று செஃப் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, மொழிபெயர்க்கப் போகிறது யார் என்று. அண்ணையைப் போகவேண்டாம் என்றேன். இத்தாலிப் பக்கம் போய்விடுவோம் என்றேன். அவர் கேட்கவில்லை. சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு காலை ரயிலில் போனார்.

அன்று மத்தியானம் நான் அறைக்குப் போகவில்லை. குசினியிலேயே நின்றேன். மாஸ்டர் ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தந்தார். நான் சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணை வந்தார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிழங்கு வாளிக்குப் பக்கத்தில் நின்றார். கோப்பை கழுவுகிற மெசினைப் போட்டேன். அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குத் தவிர ஒருவருக்கும் கேட்காது.

"அவர்தானோ?"

"ஓம். அவர்தான்."

"என்ன கேட்டவங்கள்?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை என்ன இருக்கு? தேர் எத்தினையாம் திருவிழா? இஞ்சை இவர் கேட்டதெல்லாம் அங்கை அவங்கள் கேட்டாங்கள். ஒண்டும் பிசகேல்லை."

நான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பிறகு?"

"அம்மான்ர பேர். திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டாங்கள். ஒருக்கா களைப்பிலை வாய் தவறிப்போச்சு. அம்மான்ர உண்மையான பேர் வந்திட்டுது."

"அவர் என்ன செய்தவர்?"

"டொச்சிலை என்னவோ சொன்னார். எனக்கு டொச் தெரியாது. ஆனால் பேர் எனக்குக் கேட்டது. நான் முதல் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கப்பல் பொடியன்ர தாயின்ர பேர்தான். எழுதுறவனும் அதைத்தான் எழுதினான்."

பஃபேக்காரர் அடுத்த நாள் வேலைக்கு வந்தார். வழமை போலத் தேத்தண்ணி குடித்தார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அண்ணையிடம் பிறகு அவர் கேள்வி கேட்டதில்லை. ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியாது. என்றைக்காவது அதுக்குப் பதிலாக ஏதாவது கேட்டு வருவார் என்று கன காலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்.

அண்ணைக்குப் பெர்மிட் கிடைத்தது. ஆராவ் பக்கம் போனார். கலியாணம் கட்டினார். பிள்ளைகளுக்கும் அந்தப் பேர்தான் பின்னால் வருகிறது. அரசாங்கக் கந்தோர்க் கடதாசியில் அவரும் நானும் பிறத்தி ஆட்கள்.

விசாரணை முடிந்து அண்ணை வந்த அன்று மெசின் நிற்க முன்னம் நான் இன்னொன்றும் கேட்டேன். அம்மா அப்போது ஊரில் உயிரோடு இருந்தா.

"எத்தினை தரம், அம்மா வேற ஆள் எண்டு சொன்னீங்கள்?"

அண்ணை சீவின கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார்.

"ஆறு."