மரியாதையான ‘யூ’

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதுவும் பாதிதான் தெரியும்.

துபாய் ஓட்டல் வேலைக்காக ஒரு சமையல்காரர் படிக்க வந்தார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை. ‘எஸ்ங்க’, ‘நோங்க’ என்றுதான் பேசுவார். அந்த ‘ங்க’வை வெட்டச் சொன்னேன்.

“சார், ‘யூ’ன்னா நீயா, நீங்களா?”

“ரெண்டும்தாங்க.”

“அப்ப நான் நீங்கன்னுதான் சொன்னேன்னு கேக்குறவருக்கு எப்படிங்க தெரியும்?”

எனக்கு இருமல் வந்துவிட்டது.

என் வகுப்பறையிலேயே நடந்த வீடியோ நேர்காணலில், ஒவ்வொரு ‘யூ’வுக்கும் அவர் எழுந்து நின்று உட்கார்ந்தார். துபாய் அதிகாரிக்குப் பாதி நேரம் சட்டைப் பொத்தான்தான் தெரிந்திருக்கும்.

வேலை கிடைத்துவிட்டது. என் இலக்கணத்தாலா, அவர் எழுந்ததாலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாசல் போர்டில் மட்டும் என்னால்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.