அடுத்த வீட்டுக்குப் போங்க

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். காய்ச்சலக்கா மேற்பார்வையாளரின் அறையில், அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் தூரத்து நகரத்துப் பேராசிரியை. பொது சுகாதார முதுகலைப் படிப்பில் இடம் கொடுப்பதற்கு முன் நடக்கும் கடைசி நேர்காணல் அது. "இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு, இப்ப ஏன் படிக்கணும்னு தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியை காத்திருந்தார். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து வந்தது.

"எடுங்க, பரவாயில்ல," என்றார் பேராசிரியை.

சித்தி. "கிளம்பி வந்துடும்மா," என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்களாக இருந்தால் என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். காய்ச்சலக்கா கேட்கவில்லை. அந்தக் குரலை அவள் பல வீட்டு வாசல்களில் கேட்டிருக்கிறாள். எழுந்து நடந்துவிட்டாள். காலி நாற்காலியைப் பார்த்தபடி பேராசிரியை வெகுநேரம் திரையிலேயே இருந்தாராம். இணைப்பைத் துண்டித்த அலுவலக உதவியாளர் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் அலுவலகத்துக்கு எதிரில்தான். வார்டில் இருந்த நர்சு பழக்கமானவள், பார்க்கும்போதெல்லாம் "அக்கா, இன்னைக்கு எத்தனை காய்ச்சல் பிடிச்சீங்க?" என்று வம்புக்கு இழுப்பவள். அன்று "மேடம்" என்று கூப்பிட்டாள். தங்கையின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

காய்ச்சலக்கா என்பது தெருக்கள் வைத்த பெயர். நகராட்சி சுகாதாரப் பிரிவில் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுப்பது அவள் வேலை. கதவைத் தட்ட வேண்டும், வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், நிலைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் தேதி போட வேண்டும். பிறகு அடுத்த வீடு. சிலர் கதவையே திறக்க மாட்டார்கள். நாயை அவிழ்த்து விடுபவர்களும் உண்டு. ஒரு வாத்தியார், அவள் படியேறும்போதே மாடியிலிருந்து, "எனக்கு இல்ல, என் பெண்டாட்டிக்கு இல்ல, வேணும்னா உனக்கு ஒரு காய்ச்சல் தரேன், எடுத்துட்டுப் போ!" என்று கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே தேதி போடுவாள். அறிவியல் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்துக்கு இந்த வேலைதான் கிடைத்தது. கிடைத்த வேலையில் அவளுக்குப் பிடிப்பு வந்துவிட்டது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். ஆனால் வாய் என்னவோ தங்கைக்குத்தான். தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்கில் பிரேமை வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக் கொடுப்பாள். தெருவில் போகிறவர்களின் மூக்கையெல்லாம் எடைபோடுவாள். "அந்த மூக்குக்கு எந்தக் கண்ணாடியும் நிக்காதுக்கா, ஆணிதான் அடிக்கணும்."

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால், திறப்பதற்கு முன் உள்ளேயிருந்து அலுத்துப்போன வீட்டுக்காரியின் குரலில் தங்கை கத்துவாள்: "எங்க வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்லீங்க, அடுத்த வீட்டுக்குப் போங்க!"

வருஷக்கணக்காக நடந்த விளையாட்டு அது. அக்காவும் விடாமல், "தொட்டியப் பார்க்கணுமே" என்பாள். "தொட்டி தூங்குது" என்று பதில் வரும். அப்புறம்தான் கதவு திறக்கும்.

படிப்பு விஷயத்தைத் தொடங்கி வைத்ததும் தங்கைதான். இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டார்கள். ஒன்று இதே ஊரில், மாலை வகுப்பு, சுகாதார நிர்வாகம். பகலில் வேலையைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். முடித்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். அங்கே இடம் உறுதியாகிவிட்டது. இன்னொன்று தூரத்து நகரத்தில், இரண்டு வருஷம் விடுதியில் தங்கி, நோய் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் படிப்பது. அதற்கு வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

தங்கை முதலாவதற்குக் கிட்டப்பார்வை என்றும் இரண்டாவதற்குத் தூரப்பார்வை என்றும் பெயர் வைத்தாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டால், ஒருநாள் ஒன்றைச் சொல்வாள், மறுநாள் மற்றதைச் சொல்வாள்.

"நேத்து தூரம்னு சொன்ன?"

"நேத்து உன்மேல கோவம். இன்னைக்கு நீ இல்லாட்டி யாரு சமைப்பா?"

"விளையாடாதடி. நாள் நெருங்குது."

"ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு பவர் போட்டுக்கறவங்க இருக்காங்கக்கா. நீ ஏன் இப்படி முழிக்கிற?"

அக்கா மதில்மேல் பூனையாகவே இருந்தாள். தூரத்து நகரத்து நேர்காணல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த வாரம்தான் அவள் வட்டாரத்தில் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் வந்தால் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "எங்க வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்லீங்க." குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கடையில் நாள் முழுக்க ஏசியில் நிற்பவள், தொண்டை கட்டியிருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். தொட்டியைப் பற்றிக் கேட்கக்கூடத் தெம்பு இல்லை.

தங்கை தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். உடம்பு வலி என்று கடைப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டது. விட்டதும் உற்சாகமாகித் தலைக்குக் குளித்தாள், அக்காவின் நேர்காணலுக்காக அவளுடைய புடவையைத் தேய்த்து வைத்தாள். "காய்ச்சல் விட்டப்புறம்தான் ஜாக்கிரதையா இருக்கணும், அப்பதான் பிரஷர் இறங்கும்" என்று வாசல் வாசலாகச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் புண்ணாகியிருந்தது. வீட்டில் மட்டும் அதைச் சொன்னதில்லை. அங்கேதான் யாருக்கும் காய்ச்சல் இல்லையே.

தங்கை குளியலறையில் மயங்கி விழுந்தபோதுதான் எல்லாம் தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் தேறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தங்கை அக்காவைப் பிடித்துத் தள்ளாத குறை. "போய் அந்த அம்மாகிட்டப் பேசிட்டு வா. எதிர்லதானே ஆபீஸ். நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்? சித்தி இருக்காங்கல்ல." அக்கா போனாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒருநாள் சைக்கிள் வந்தாள். பக்கத்து வட்டாரத்தில் இதே வேலை பார்ப்பவள், காய்ச்சலக்காவைவிடச் சின்னவள், சைக்கிளில் வருவதால் அந்தப் பெயர். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். சித்தி கொண்டுவந்த டீ அவள் முன்னால் ஆடை கட்டிக் கிடந்தது.

அவரவர் குடியிருக்கும் தெருவை அவரவருக்கே கொடுக்க மாட்டார்கள். முகதாட்சண்யம் வந்துவிடும் என்பது அலுவலக விதி. அதனால் இந்தத் தெரு சைக்கிளுக்கு. சைக்கிளின் தெரு காய்ச்சலக்காவுக்கு. ஆனால் கூட வேலை பார்ப்பவளின் வீடு வந்தால் தட்டுவதில்லை. தேதியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்த விதியிலும் இல்லாத மரியாதை அது. அவள் வீட்டிலேயே போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? இருந்தால் அவளுக்குத் தெரியாதா? அந்தக் காய்ச்சல் நாட்களில் ஒருநாள் தங்கை கடைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள். அன்றைய தேதி வாசல் நிலையில் சைக்கிளின் கையெழுத்தில் இருந்தது.

"நான் தட்டியிருக்கணும்க்கா," என்றாள் சைக்கிள்.

காய்ச்சலக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டுக்கா. நாலு வார்த்தை திட்டிடு. இப்படி உக்காந்திருக்காத."

"அதே வாரம் உன் தெருவுக்கு நான் வந்தேனே. உன் வீட்டுக் கதவைத் தட்டினேனா?"

சைக்கிள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. தட்டினேனா?"

"இல்லக்கா."

"அப்புறம் எந்த வாயால நான் உன்னைத் திட்டறது?"

திட்ட ஒருத்தி கிடைத்திருந்தால் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பாள். அதுவும் இல்லாமல் போயிற்று. சைக்கிள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே காய்ச்சலக்கா மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். நம் ஆட்களின் வீடுகளையும் கட்டாயம் தட்ட வேண்டும் என்று ஒரு உத்தரவு போடுங்கள் என்றாள். அவர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போடலாம்மா. ஆனா அப்படி எழுதினா, இத்தனை நாள் தட்டலன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். உனக்கும்தான் வினை."

"எனக்கு இனிமே என்ன சார் வினை?"

"அவசரப்படாத. அந்த மாலைப் படிப்பை முடி. நாளைக்கு இந்த நாற்காலியில நீ உக்காந்தா நீயே போட்டுக்கோ."

சித்தி அதையே வேறு மாதிரி சொன்னாள். "கண்காணாத ஊர்ல போய் ஒத்தையா என்னம்மா பண்ணப் போற? இங்கன்னா நான் வந்து போவேன். ரெண்டு வாய் சாப்பிட்டியான்னு பார்ப்பேன்."

இரண்டும் நியாயம்தான். அதுதான் தாங்கவில்லை. இரவல் நாற்காலியில் உட்கார்ந்து பாதியில் விட்டுவந்த அந்த நேர்காணலை வைத்தே தூரத்து நகரத்தில் இடம் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. பரிதாபப்பட்டுப் போட்ட பிச்சையா இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் செய்தாள். பேராசிரியையே எடுத்தார்.

"நான் பதிலே சொல்லலியே. எப்படி இடம் கொடுத்தீங்க?"

"நீங்க எழுதி அனுப்பினது போதும்னு நினைச்சோம். அன்னைக்கு நடந்ததுக்காக இல்ல." பிறகு, "அன்னைக்குத் தவறினது யாரும்மா?" என்று கேட்டார்.

"தங்கச்சி. ஒண்ணு கேக்கறேன். கணக்கெடுக்கும்போது விட்டுப்போன வீட்டைக் கண்டுபிடிக்க உங்க படிப்புல சொல்லித் தருவீங்களா?"



"எத்தனை விட்டுப்போயிருக்கும்னு ஓரளவு சொல்ல முறை இருக்கு. அதைச் சொல்லித் தருவோம்."

"எந்த வீடுன்னு?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. எத்தனைன்னு மட்டும்தான்."

"எத்தனைன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். அன்று முழுவதும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இரண்டு படிப்பும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். சாயங்காலம் அந்த முடிவும் நிலைக்கவில்லை. தங்கை உண்மையில் எதை விரும்பினாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பேச்சாக நினைவில் கொண்டுவந்தாள். எல்லாப் பேச்சும் ஒரு சிரிப்பில் போய் முடிந்தது. ஒரு தடவையாவது அவளை உட்காரவைத்து ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

பதில் சொல்ல வேண்டிய கடைசி வாரம். வெயில் ஏறிய நேரத்தில், எத்தனையோ தடவை தட்டிய ஒரு வீட்டைத் தட்டினாள். உள்ளே குக்கர் சத்தத்துக்கு மேலே ஒரு பெண்குரல் வந்தது: "யாருக்கும் காய்ச்சல் இல்ல, போங்க."

காய்ச்சலக்கா போகவில்லை. மறுபடி தட்டினாள். கதவு திறக்கும்வரை தட்டினாள்.

"அதான் இல்லன்னு சொல்றேன்ல?" ஈரக்கையோடு வந்து நின்றாள் வீட்டுக்காரி.

"எல்லாரையும் நான் பார்க்கணும்."

"என்னது?"

"வீட்ல இருக்கிற எல்லாரையும் வரச் சொல்லுங்க. தொட்டுப் பார்க்கணும்."

"நல்லா இருக்கே கதை! நாங்க என்ன பொய்யா சொல்றோம்?"

"பொய் சொல்ல மாட்டீங்க. விளையாட்டுக்குச் சொல்வீங்க."

வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, சண்டையை விட்டுவிட்டு உள்ளே திரும்பிப் புருஷனையும் மகளையும் கூப்பிட்டாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் வந்து நெற்றியைக் காட்டினார்கள். நெற்றிகள் குளிர்ந்தே இருந்தன. வீட்டுக்காரி தன் நெற்றியையும் நீட்டினாள். அதைத் தொட்டபோதுதான் காய்ச்சலக்கா உடைந்துபோனாள். அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "எழுந்திரு கண்ணு, வெயில்ல உக்காராத," என்று வீட்டுக்காரி தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அடுத்த வீட்டுக்கு அவளால் போக முடியவில்லை. அதற்கடுத்த வீட்டுக்கும் முடியவில்லை. இந்த ஊரில் எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் இனி அந்தக் குரல்தான் வரும். மாலைப் படிப்பு என்றால் பகலெல்லாம் இதே கதவுகள்.

மறுநாள் வேலையை விட்டுப் போவதாக மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "அப்ப அந்த உத்தரவு?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார் போடணும். எனக்கு இங்க இருக்கத் தைரியம் இல்ல. ஓடிப்போறேன்னே வச்சுக்கோங்க."

அவர் தலையாட்டினார். போடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் தூரத்து நகரத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். எதற்காகப் படிக்க வருகிறீர்கள் என்ற கேள்வியை அவர்கள் மறுபடி கேட்கவில்லை. சான்றிதழ்களின் பிரதிகளை மட்டும் கேட்டார்கள், அனுப்பிவிட்டாள். வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த புகைப்படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். கண்வீக்கம் வடியட்டும் என்று ஸ்டூடியோக்காரர் ஒருமுறை திருப்பி அனுப்பினார். அந்தப் படம் இன்னும் எடுக்கவில்லை.