ப்யூ மார் பேரில் பத்துத் தங்கரேக்

ரங்கூன் ஆற்றங்கரைப் பழைய புத்தர் கோயிலின் சலவைக்கல் தரையை முப்பது வருஷமாகக் கூட்டுகிறாள் ந்வே யீ. அவரவர் பிறந்த கிழமையில் கோயிலைக் கூட்டுவது அங்கே வழக்கம். அவள் சனிக்கிழமை பிறந்தவள், அதனால் சனிக்கிழமைக் கூட்டத்தோடு துடைப்பமும் கையுமாக வந்துவிடுவாள். மழை, காய்ச்சல் என்று ஒரு வாரமும் தப்பியதில்லை. ஆனால் பெரிய சிலை இருக்கும் மேடையில் அவள் கால் பட்டதில்லை. ‘பெண்கள் ஏறக் கூடாது’ என்று அங்கே ஒரு பலகை. அந்தப் பலகைக்குத் தூசி தட்டுவதும் அவள்தான். எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ!

போன வருஷம் ஒரே மகள் ப்யூ மார் காய்ச்சலில் போய்விட்டாள். மகளின் காதுத் தோட்டை விற்றுப் பத்துத் தங்கரேக் வாங்கினாள் ந்வே யீ. புத்தர் நெஞ்சில் ஒட்டி, மகள் பேரைச் சொல்லிப் புண்ணியத்தை அவளுக்குச் சேர்க்க வேண்டும். பெற்றவளால் இனிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதற்கும் ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. தம்பி ஜோ ஸானைக் கூட்டி வந்தாள்.

அவன் மேலே போய் ஒட்டினான். அவள் கீழே முழங்காலிட்டு, பெண்களுக்கென்று வைத்திருந்த டிவியில் பார்த்தாள். இறங்கி வந்தவன் முகம் கொள்ளாமல் சிரித்தான்.

“பேரைச் சொன்னியா?”

“சொல்லாமலா? நம்ம லின்னுக்குக் கப்பல் வேலை கிடைக்கணும்னு நல்லா வேண்டிக்கிட்டேன்.”

“ப்யூ மார் பேரை?”

அவன் தலையைச் சொறிந்தான். “அட, மறந்துட்டேங்கா. என் பையன் நெனப்பாவே இருந்துச்சு.”

“உன் பையன் வேலைக்கு என் பொண்ணு தோடுதான் கெடைச்சுதா? திரும்பப் போய்ச் சொல்லுடா.”

“சொன்னதை மாத்துனா நல்லாவா இருக்கும்? கத்தாதக்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

தானே ஏறியிருந்தால் மறந்திருப்பாளா? தம்பியையும் அந்தப் பலகையையும் சேர்த்து அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது.

ஜோ ஸான் சமாளிக்கப் பார்த்தான். புண்ணியத்தைப் பங்கிடும் வழக்கப்படி ஒரு கிண்ணத்து நீரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் ஊற்றி, இந்தப் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு என்று உரக்கச் சொன்னான். அதைக் கேட்டவர்கள் ‘நன்று’ என்ற பொருளில் மூன்று தரம் ‘சாது’ சொல்ல வேண்டும், சொன்னால்தான் பங்கு. பூக்காரி சொன்னாள். முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொன்னார்கள். ந்வே யீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாருக்கும்னு சொல்லிட்டேன்ல, ப்யூ மாரும் அதுல வந்துட்டா. நீயும் சொல்லுக்கா. இல்லன்னா உனக்குப் பங்கு கெடையாது.”

“பேர் சொல்லி அவளுக்குக் குடுக்காத பங்கு எனக்கு எதுக்குடா? நீயும் உன் பையனுமே வச்சு அனுபவிங்க.”